பேக்கப் புத்தகத்தில் என் கையெழுத்து

நான் படித்ததையெல்லாம் ஒழுங்காகத்தான் படித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைக் கேட்டவர்கள் எல்லாரும், "படிச்ச புள்ளைக்கு இது தெரியாதா?" என்று பேசிவைத்த மாதிரி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். தெரியும். நன்றாகவே தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

கண்டி நகரத்தில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் எங்கள் வகுப்பு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் ஊர் திகனயிலிருந்து பஸ் ஏறிப் போவேன். தரவுத்தள நிர்வாகி என்றால் என்ன வேலை என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஒரு கம்பெனியின் ஆர்டர், சரக்கு, ஆட்களின் விவரம் எல்லாம் கம்ப்யூட்டரில் ஓரிடத்தில் கிடக்கும், அது கெடாமல், தொலையாமல், கண்டவன் கை வைக்காமல் பார்த்துக்கொள்கிற ஆள் என்பேன். "அப்ப வாச்சர் வேலையா?" என்றார் பக்கத்து வீட்டு மாமி. அன்றைக்குச் சிரித்தேன். இன்று யோசித்தால் மாமி சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

பாடம் சிங்களத்தில், புத்தகம் ஆங்கிலத்தில். நான் இரண்டையும் தமிழில் முணுமுணுத்துப் பாடமாக்கினேன். முதல் மாதமே சொல்லித் தந்தது ஒன்று: தரவுகளை நகல் எடுத்து வைத்தால் மட்டும் போதாது, அந்த நகலை வேறொரு மெஷினில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏற்றிப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்லை. பரீட்சையில் இதே கேள்வி வந்தது. முழுப் புள்ளி வாங்கினேன்.

அதற்குப் பிறகு பல்லேகலயில் ஒரு கம்பெனியில் ஆறு மாதப் பயிலுநர் இடம் கிடைத்தது. இரண்டு பேரை எடுத்தார்கள். ஆறு மாதம் முடிந்ததும் ஒருவருக்குத்தான் நிரந்தர நியமனம். மற்றவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். எங்கள் இருவருக்கும் மேலே ஒரு பொறுப்பாளர், சேர் என்று கூப்பிடுவோம். சிங்களவர், அதிர்ந்து பேசமாட்டார்.

எனக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். அப்பா போன பிறகு அம்மாவின் கார்மன்ட் தொழிற்சாலைச் சம்பளம்தான் வீட்டை நடத்தியது. நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் முழங்கால் இரண்டும் வீங்கிப் போய் இருக்கும். "ஒனக்கு பேர்மனன்ட் ஆகட்டும், அன்னிக்கே நான் கார்மன்ட்டுக்கு முழுக்கு போட்டுர்றேன்" என்று அம்மா தினமும் சொல்வார். எனக்கும் அந்த ஒரே நினைப்புத்தான்.

அந்த அலுவலகத்தில் ஒரு புத்தகம் இருந்தது. தடித்த அட்டை, கோடு போட்ட தாள். காலையில் முதலில் வருகிறவர், இரவு ஓடிய பேக்கப்பைப் பற்றிக் கம்ப்யூட்டர் அனுப்பிய மெயிலைத் திறந்து பார்க்க வேண்டும். பச்சை எழுத்தில் வெற்றி என்று இருந்தால், புத்தகத்தில் திகதி போட்டு, "பேக்கப் பரிசோதிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் வீடு கிட்ட என்பதால் தினமும் முதலில் போய்ச் சேர்வது நான். அண்ணா கண்டியிலிருந்து நெரிசலில் சிக்கித் தாமதமாக வருவார். ஆகவே பக்கம் பக்கமாக என் கையெழுத்துத்தான்.

பரிசோதித்தேனா? எங்கே! பச்சையைப் பார்த்தேன், பேனாவை எடுத்தேன். முதல் நாள் கை கொஞ்சம் தயங்கியது உண்மை. "இதை ஏற்றிப் பார்க்க வேண்டாமா?" என்று சேரிடம் கேட்டேன். "அதற்கெல்லாம் இங்கே யாருக்கு நேரம், நங்கி?" என்றார். சிங்களத்தில் நங்கி என்றாலும் தங்கச்சிதான். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படியே போட்டிருந்தார்கள். இரண்டாம் நாளிலிருந்து கை தயங்கவில்லை.

ஐந்தாம் மாதம் மூலையில் ஒரு பழைய மெஷின் சும்மா கிடந்தது. நிரந்தர நியமனத்துக்கான நேர்முகத்தில் சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கட்டுமே என்றுதான், பகல் சாப்பாட்டு நேரத்தில் அதில் ஒரு பேக்கப்பை ஏற்றிப் பார்ப்போமா என்று அண்ணாவிடம் கேட்டேன். "ஓம், நானும் வாறன்" என்று சோற்றுப் பார்சலோடு வந்து உட்கார்ந்தார். ஏற்றினோம். பாதியில் நின்றது. முந்தைய நாளுடையதை ஏற்றினோம், அதுவும் பாதியில் நின்றது. எத்தனை பின்னுக்குப் போனாலும் அதே கதை. சேமிக்கும் இடம் எப்போதோ நிறைந்துபோய், கோப்பு ஒவ்வொரு இரவும் அரைகுறையாக எழுதப்பட்டிருந்தது. மெயிலோ, வேலை ஓடியதா என்று மட்டும் பார்த்து வெற்றி என்றது. அடுப்பு எரிந்ததைப் பார்த்துவிட்டுச் சோறு வெந்தது என்பது மாதிரி.

அண்ணா சோற்றை மூடி வைத்துவிட்டார். "தங்கச்சி, வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில கட்டாதயுங்கோ" என்றார். நான் கேட்கவில்லை. நேரே சேரிடம் போனேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். கோபப்படவே இல்லை. "மெயில் எதுவும் போடாதே நங்கி, நான் சரிசெய்கிறேன். உன்னைப் போல ஆள்தான் இங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பின்னேரமே அம்மாவிடம் சொன்னேன். அம்மா மறுநாளே கார்மன்ட்டில், மாதக் கடைசியோடு நிற்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இடையில் இரண்டு தடவை, சரிசெய்தாயிற்றா என்று சேரிடம் கேட்க வாய் வந்தது. கேட்டால் நியமனம் கெட்டுவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். காலையில் கையெழுத்தை மட்டும் விடாமல் போட்டேன். சீ, இப்போது நினைத்தாலும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

பதினைந்து நாள் போகவில்லை, சர்வரின் டிஸ்க் செத்தது. திரும்ப ஏற்ற ஒன்றுமே இல்லை. மாதக்கணக்கான ஆர்டர் விவரம் எல்லாம் போயே போய்விட்டது. சேருக்கும் மேலேயிருந்த அதிகாரி எங்கள் மூவரையும் கூப்பிட்டு அந்தப் புத்தகத்தை மேசையில் விரித்தார்.

"இது யாருடைய கையெழுத்து?"

"என்னுடையது."

பழுதைக் கண்டுபிடித்ததே நான்தான், சேரிடம் சொன்னேன் என்றேன். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. சேர் தன் பேனா மூடியைப் பார்த்தபடி, அப்படி எதுவும் ஞாபகமில்லை என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். அண்ணாவைக் கேட்டார்கள். தனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவர் திருத்தமான ஆங்கிலத்தில் சொன்னார்.

அன்றோடு என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வெளியே வந்ததும் அண்ணா என் பின்னால் ஓடி வந்தார். "குறை நினைக்காதயுங்கோ தங்கச்சி. ரெண்டு பேரும் போறதிலும் பாக்க ஒராள் எண்டாலும் இருக்கிறது நல்லம்தானே?"

"நல்லா இருங்க" என்றேன். ஆசீர்வாதமாகச் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா அன்றைக்குக் கேசரி கிண்டியிருந்தார். அவருக்குக் கார்மன்ட்டில் கடைசி நாள். கூட வேலை செய்தவர்கள் கொடுத்த சேலை இன்னும் தாள் பிரிக்காமல் கதிரையில் இருந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். சேரைத் திட்டினேன், அண்ணாவைத் திட்டினேன், அந்தப் புத்தகத்தைத் திட்டினேன். அவர்களை அம்மாவும் சேர்ந்து திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பாக்காமலா போட்ட?"

"எல்லாரும் அப்படித்தான்மா போடுறாங்க."

"நான் அங்க செக்கர். ஒவ்வொரு துண்டையும் தையல இழுத்துப் பாத்துத்தான் என் நம்பர ஒட்டுவேன். இத்தன வருஷத்துல இழுக்காம ஒண்ணுல கூட ஒட்டுனதில்ல புள்ள."

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கேசரியைத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

காலையில் நான் எழும்பியபோது அம்மா தலை சீவிக்கொண்டிருந்தார். கார்மன்ட்டுக்கே திரும்பப் போய்க் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். பின்னேரம் வந்தார். செக்கர் இடத்துக்கு வேறு பிள்ளையைப் போட்டாயிற்றாம். அயன் பண்ணும் பகுதியில் நிற்கச் சொன்னார்களாம். இப்போதும் அங்கேதான் நிற்கிறார்.