அவசரமாக இறக்கிய கறிச்சட்டி

குளிர்ந்த ஈரமாக ஏதோ ஒன்று காற்சட்டைக்குள் தொடை வழியே மெல்ல இறங்குவதை நான் முதன்முதலில் உணர்ந்தது, பினாங்கை ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில், ரேஷன் அரிசிக்காகத் துணிப்பையுடன் "கியூ"வில் நின்ற ஒரு காலைப்பொழுதில். வியர்வை என்றுதான் நினைத்தேன். ஆனால் அது சற்று நின்று, சுருங்கி, பிறகு நீண்டு நகர்ந்தது. நான் நெளிவதைப் பார்த்து, பின்னால் நின்ற பக்கத்து அறை மங்களத்தக்கா, "என்னா தம்பி, இங்கேயே டான்ஸா? அரிசி கெடைச்ச பெறகு ஆடலாம்லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால், சீனர் கடையில் விற்கும் "குவே தியாவ்" என்ற அரிசிமாவு நூடுல்ஸ் துண்டு போலத் தட்டையாக, வெள்ளையாக ஒன்று துணியில் ஒட்டிக்கொண்டு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என் வயிறுதான்.

அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில், பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்த அறைகளில் ஒன்றில், அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். தடுப்புக்கு மேலே கூரைவரை இடைவெளி. ஒரு வீட்டில் தாளித்தால் எல்லா வீட்டுக்கும் மூக்கில் ஏறும். அதுவும் தாளிப்பதற்கே எதுவும் இல்லாத நாட்களில், மங்களத்தக்கா காற்றை முகர்ந்தே, இன்று யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் வெறும் "ஊபி" என்று சொல்லிவிடுவார். ஊபி என்பது மரவள்ளிக்கிழங்கு. காலையில் அதை அவித்தும், பகலில் அதைக் கஞ்சியாக்கியும், மாலையில் அதையே அடையாகத் தட்டியும் தின்று தின்று, என் கால்கள் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அதே மாடியில் ஒரு குழந்தை அப்படி வீங்கித்தான் இறந்தது. அதன் பிறகு அம்மா தினமும் என் காலை அழுத்திப் பார்ப்பார்.

அப்பா துறைமுகக் கிட்டங்கியில் காவல் வேலை பார்த்தார். அதிகம் பேசமாட்டார். ஆடும் கோழியும் கிடைத்தால் சாப்பிடுவார், ஆனால் மாட்டிறைச்சி என்ற சொல்லே எங்கள் வீட்டில் வராது. கப்பல்காரர்களோடு சேர்ந்து மாட்டுக்கறி தின்றான் என்பதற்காகத் தன் கூடப்பிறந்த தம்பி வீட்டில் அப்பா பல வருடமாகத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அந்தச் சித்தப்பாவை நான் தெருவில் பார்த்திருக்கிறேனே தவிர, வீட்டில் பார்த்ததில்லை.

அம்மா அடுத்த தெருவில் ஒரு தமிழ் முஸ்லிம் வீட்டில் துணி துவைத்துவந்தார். அந்த வீட்டு அம்மாளை அக்கா என்ற பொருளில் "ராத்தா" என்று கூப்பிடுவார். என் காலைப் பற்றிக் கேட்டறிந்த ராத்தா, எங்கோ மறைவாக அறுத்த மாட்டின் இறைச்சியில் ஒரு துண்டை இலையில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். அம்மா அதை மறுக்கவில்லை. அப்பா வேலைக்குப் போன பிறகு, பொடிப்பொடியாக நறுக்கி, கொஞ்சம் தேங்காயெண்ணெயில் போட்டு, வாசனை கிளம்பி மங்களத்தக்காவின் மூக்கை எட்டுவதற்குள் சட்டியை இறக்கிவிடுவார். "ஆட்டுக்கறிடா, சும்மா முழுங்கு" என்பார். உள்ளே சிவப்பாக இருக்கும். மென்றால் ரப்பர் போல இழுக்கும். அதில் அரிசிக் குருணை போல வெள்ளை மணிகள் கிடந்தனவாம். கொழுப்பு என்று எண்ணி, பிள்ளைக்கு நல்லது என்று, அவற்றையும் பொறுக்கி எனக்கே வைத்தாராம். இதையெல்லாம் பல வருடம் கழித்துத்தான் சொன்னார். தான் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. இப்படி நாலைந்து முறை நடந்தது. கால் வீக்கம் வடிந்தது. சில மாதம் கழித்துத்தான் அந்த வெள்ளைத் துண்டுகள் வர ஆரம்பித்தன.

துணியில் கண்டவற்றை அம்மா உடனே கழுவிவிட்டார். நான் மெலிந்துகொண்டே போனேன். எவ்வளவு தின்றாலும் பசித்தது, தின்பதற்கோ எதுவும் இல்லை. கடைசியில் அப்பா எங்கள் இருவரையும் மருந்தகத்துக்கு அழைத்துப்போனார். அங்கே டாக்டர் இல்லை, "டிரெசர்" என்று நாங்கள் சொல்லும் மருந்தாளர்தான் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். பூச்சி எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு "வெள்ளையா" என்றேன். அதற்குமேல் சொல்ல வெட்கம். அவர் அப்பாவிடம், "மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி ஏதும் குடுத்தனீங்களோ?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுல அதெல்லாம் தொடுறதில்லைங்க ஐயா" என்றார் அப்பா.

"அப்ப சின்னக் கீரிப்பூச்சிதான். அதுக்கு எண்ணெய் போதும்" என்ற டிரெசர், ஏதோ நினைத்துக்கொண்டவராக, சரியாக வேகாத இறைச்சியில் இருந்து வருவது வேறு, அது நாடா மாதிரி முழம் முழமாகக் குடலில் வளரும், அதற்கான மருந்து கப்பல் நின்றதிலிருந்து தன்னிடம் இல்லை, சீன மருந்துக் கடையில்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். அம்மா முந்தானையை வாயில் வைத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணெய் என்றால் விளக்கெண்ணெய். வாரம் தவறாமல் ஊற்றினார்கள். வயிறு போய்ப் போய் நான் எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. துண்டுகள் மட்டும் நிற்கவில்லை. ஒரு காலையில் பள்ளிக்கூடத் திடலில் ஜப்பான் சக்கரவர்த்தியை வணங்க, கிழக்குப் பார்த்து எல்லாரும் குனிந்தபோது, குனிந்த நான் நிமிரவில்லை. யாரோ தூக்கிவந்து போட்டார்கள்.

அன்று மாலை, அப்பா தரையில் உட்கார்ந்து ஊபி தோல் சீவிக்கொண்டிருந்தார். அம்மா அவர் எதிரில் போய் உட்கார்ந்தார். நான் பாயில் கிடந்தேன்.

"நான்தாங்க குடுத்தேன். ஆட்டுக்கறின்னு சொல்லி மாட்டுக்கறி குடுத்தேன். இவனுக்குத் தெரியாது" என்றார் அம்மா. குரல் நடுங்கவில்லை. களைத்துப்போன குரல், அவ்வளவுதான். "கால் வீங்கிக் கெடந்தான். எனக்கு வேற வழி தெரியல."

அப்பா சீவுவதை நிறுத்தவில்லை. கையிலிருந்த கிழங்கை முடித்து வைத்துவிட்டு, "நல்லா வேக வச்சியா?" என்று கேட்டார்.

"இல்ல. வாசம் பக்கத்து அறைக்குப் போயிரும்னு பாதியில எறக்கிட்டேன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். அம்மா மூலையில் தன் சேலை இரண்டையும் மடித்து வைத்தார். எங்கே போகப்போகிறார் என்று எனக்குப் பயம். இருட்டுவதற்குள் அப்பா திரும்பினார்; கையில் பூசணி விதைப் பொட்டலமும் காய்ந்த பாக்கும். சீன மருந்துக் கடை "சின்சே" என்ற வைத்தியர் கொடுத்தவை.

மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் விதைகளை மெல்லக் கொடுத்து, பிறகு பாக்கைக் காய்ச்சிய கஷாயத்தை அப்பாவே என் மூக்கைப் பிடித்து ஊற்றினார். தலை சுற்றி, உடம்பெல்லாம் வியர்த்தது. பகலில், வெந்நீர் ஊற்றிய சட்டியில், அது வந்தது. முடிவே இல்லாத வெள்ளை நாடா. "கெப்பாலா மெஸ்தி கெலுவார்" என்று சின்சே மலாயில் சொல்லி அனுப்பியிருந்தார். தலை வெளியே வந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வளரும். அப்பா ஜன்னலோரம் குந்தி, ஈர்க்குச்சியால் அந்த நாடாவை அங்குலம் அங்குலமாகத் தள்ளித் தேடினார். ஒரு முனை நூலாக மெலிந்து போயிற்று. அதன் நுனியில் இருந்தது தலையா, அறுந்த இடமா என்று அவருக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார் சின்சே.

அந்த மாதங்களில் அப்பா தனக்கென்று ஒரு பானை வாங்கி, தன் ஊபியைத் தானே அவித்துத் தின்றார். அம்மாவைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அம்மா கையால் ஒரு வாய் கஞ்சி வாங்கவுமில்லை. மங்களத்தக்கா கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார். அம்மா தினமும் என் துணியை உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் துவைப்பார். ஒன்றும் வரவில்லை. மூன்று மாதம் கடந்த ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா, வாசலைப் பார்த்தபடியே, "இன்னிக்கு எனக்கும் சேத்து வையி" என்றார். அத்தனை நாளும் அது கோபமா, எனக்காக முருகனிடம் வைத்த வேண்டுதலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கும் துணிவு எனக்கு இருந்ததில்லை. அம்மாவும் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்று அந்த மாடியின் பலகைத் தடுப்புகளைப் பிரித்தெடுத்து ஒரே கூடமாக்கி, துணி வியாபாரி ஒருவர் கிடங்காக வைத்திருக்கிறார். என் பேரனுக்குப் பூச்சித் தொல்லை என்றால் ஒரு மாத்திரையோடு முடிந்துவிடுகிறது. சின்சேயின் கடை இருந்த இடத்தில் கைக்கடிகாரம் விற்கிறார்கள். அப்பா போய் வெகுகாலம் ஆயிற்று. அம்மா போன வருடம்வரை இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டுக்கறியை அடுப்பில் ஏற்றினால் நார்நாராகப் பிரியும்வரை பக்கத்திலேயே நிற்பார். கறியா இது, கயிறா என்று என் மனைவி சலித்துக்கொள்வாள். இப்போது கறி பதமாக இருக்கிறது, எல்லாரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு துண்டையும் விரலால் பிய்த்து, உள்ளே நிறம் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுகிறேன்.