ரவுண்டக்கா எதிரே வரமாட்டாள்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். லாரியில் கிளீனராக ஏறி, இன்று சொந்தமாக மூன்று லாரி ஓட்டுகிறேன். எவன் தயவும் இல்லை. சாலையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. என் தங்கையைப் பற்றிப் பேச அதைவிட உண்டு.

அவள் தையற்காரி. புருஷன் செத்த பிறகு ஒரு கத்தரிக்கோலையும் ஒரு சைக்கிளையும் வைத்தே மகளைப் படிக்கவைத்தவள். அவளுடைய தையல் கடை, வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் நடுவில் இருப்பது ஒருவழித் தெரு. ஊரே அதில் எதிர்த் திசையில் போகும். இவள் மட்டும் துணி மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, மார்க்கெட்டையும் ஆஸ்பத்திரியையும் சுற்றி, மறுமுனையில் நுழைந்து வருவாள். கேட்டால், "சட்டம் சைக்கிளுக்கும்தாண்ணே" என்பாள். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. பெரிய பங்கு என்னிடம் இருப்பதாக நினைத்திருந்தேன்.

தெரு அவளுக்கு வைத்த பெயர் ரவுண்டக்கா.

"என்ன ரவுண்டக்கா, உலகத்தைச் சுத்தியாச்சா?" என்பான் பஞ்சர் கடைக்காரன்.

"சுத்தியாச்சு. உன் மூளையைத்தான் எங்கேயும் காணோம்."

போன மாதம் ஒரு காலை, சரியான திசையில் வந்துகொண்டிருந்தவள் முன்னால், ஓரமாக நின்ற காரின் கதவைப் பின்னால் பார்க்காமல் ஒருவன் திறந்தான். மோதி விழுந்தாள். கத்தரி பிடிக்கிற மணிக்கட்டு முறிந்தது. கதவைத் திறக்கிறவன்தான் பின்னால் வருகிறவர்களைப் பார்க்க வேண்டும். கிளீனர் வேலையில் என் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். இந்தத் துரைக்கு லைசென்ஸ் கொடுத்தவன் எவன்?

துரை, பர்னிச்சர் கடை முதலாளி. மன்னிப்புக் கேட்கவில்லை. நேரே காவல் நிலையம் போய், "சைக்கிள்தான் எதிர்ல வந்து இடிச்சுது சார்" என்று சொல்லிவிட்டான். அந்தத் தெருவில் எல்லாரும் அப்படி வருவதைப் பார்த்திருக்கிறான், பொய் சுலபமாகக் கிடைத்துவிட்டது. குற்றம் இவள் தலையில் விழுந்தால் நஷ்டஈடு கிடையாது. அது போகட்டும், இத்தனை வருஷம் சுற்றியதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "லாரியைக் கொண்டுபோய் அவன் கடை வாசல்ல நிறுத்தறேன். எப்படி வியாபாரம் பண்றான்னு பாக்கறேன்!"

கட்டுப் போட்ட கையோடு அவள் சொன்னாள்: "அங்கே நோ பார்க்கிங்ணே."

இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

விசாரிக்கப் போலீஸ்காரர் தெருவுக்கு வந்தார். துரையும் வந்தான். "இந்த அம்மா எதிர்ல வந்தாங்களா?" என்று கேட்டதும் பஞ்சர் கடைக்காரன் சிரித்தேவிட்டான்.

"யாரு, ரவுண்டக்காவா? சார், எதிர்ல வர்றது நாங்க! நான், பால்காரரு, அதோ அந்த இஸ்திரிக்காரரு. இவங்க செத்தாலும் வரமாட்டாங்க. அதுக்குத்தானே அந்தப் பேரே!"

தெருவே ஆமாம் போட்டது. துரை காரைத் துடைக்க ஆரம்பித்தான். வழக்கு அவன்மேல் எழுதப்பட்டது. பிறகு போலீஸ்காரர் நிதானமாகத் திரும்பினார். "எதிர்ல வர்றது யார் யாருன்னு சொன்னே?" பஞ்சர் கடைக்காரன் முகம் காற்றுப்போன டியூபாயிற்று. மூன்று பேருக்கும் அபராதம்.

கை இன்னும் சரியாகக் கூடவில்லை. கத்தரி அரை முழம் நகர்வதற்குள் வலியில் நிறுத்திவிடுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று அதே பஞ்சர் கடைக்காரன் மோட்டார் சைக்கிளில் மறுபடியும் எதிரே வந்தான். நடுத்தெருவில் போய் மறித்து நின்றேன்.

"என்ன பெரியவரே, கொஞ்ச தூரம்தானே?"

"அவளுக்கும் கொஞ்ச தூரம்தாண்டா. இறங்கு. திருப்பு."

திருப்பினான். மார்க்கெட்டைச் சுற்றி அவன் வந்து சேரும்வரை நான் அங்கேயே நின்றேன்.