திருவிருந்துக்கு முன்னால் எழுந்து போகிறவள்

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சைரசமும் பகிர்ந்து உண்பது. பிரசங்கம் முடிந்து, போதகர் வெள்ளைத்துணி மூடிய மேசைப் பக்கம் திரும்பும்போது நான் எழுந்துவிடுவேன். கடைசி வரிசையில் கதவோரம் உட்காருவதே அதற்காகத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு ராசிபுரம் கடைவீதி வழியே என் அறைக்கு நடப்பேன். பின்னால் பாட்டு ஆரம்பிக்கும். அந்தப் பாட்டை இரண்டு வரிக்கு மேல் நான் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது.

இதைப் பற்றிச் சபையில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு நான் ஏதோ பெரிய பாவத்தை மூடி மறைப்பவள். இன்னொரு கட்சிக்கு என்னைப்போல் பயபக்தி உள்ளவள் கிடையாது. இரண்டு கட்சியும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல மட்டும் வராது.

விஷயம் இவ்வளவுதான். எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். அவரும் நானும் பேசி இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. கூடப் பிறந்தவனுக்கு நம்மேல் மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்பது இயேசுவின் கட்டளை. தப்பித்துக்கொள்ள அதில் ஏதாவது சந்து இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன். இல்லை.

நாமக்கல் பக்கம் தோட்டம் துரவு உள்ள விவசாயக் குடும்பம் எங்களுடையது. சேலத்தில் விடுதியில் தங்கித் தையல் படித்தபோது, பக்கத்துக் கட்டில் பெண்ணோடு ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். முதலில் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அங்கே என்னைப் பிடித்துக்கொண்ட இயேசு இன்றுவரை விடவில்லை, நானும் விடவில்லை. ஞானஸ்நானம் எடுத்த செய்தி ஊருக்குப் போனதும் அப்பா கத்தினார், அம்மா அழுதாள். அண்ணன் மட்டும் பேருந்து நிறுத்தம்வரை வந்து என் பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறு வருடம் அவருக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையும் அவனுடைய சகோதரியும் சேர்ந்து நிற்பார்கள். பெண்ணுக்குப் போகப்போகிற கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். சீர்களை நடத்தி வைக்கும் பெரியவருக்கு அருமைக்காரர் என்று பெயர், அவர் அரிசியை எடுத்துப் போட்டு வாழ்த்துவார். பெண்டாட்டி வந்துவிட்டாலும் கூடப் பிறந்தவள் எனக்கு வேண்டும் என்று ஊரறியச் சொல்வது அது. எங்கள் வீட்டில் சகோதரி நான் ஒருத்திதான்.

முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்துப் பின்கட்டில் அண்ணன் என்னைத் தேடி வந்தார். மருதாணி வைத்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.

"நீ கும்புட வேண்டாம் அம்மிணி. பொட்டும் வெக்க வேண்டாம். அருமைக்காரர்கிட்ட நாஞ் சொல்லிக்கறேன். சும்மா அந்த மொனையப் புடிச்சுட்டு நில்லு, போதும்."

நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் சொந்தபந்தம் கூடியிருக்க, சேலையை என் கையில் நீட்டினார்கள். அப்போதுதான் என் வாய் திறந்தது. "இந்தப் பாவத்துல என்னை இழுக்காதீங்க. என்னால முடியாதுங்க" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். பெரியப்பா மகளை யாரோ முன்னால் தள்ளினார்கள், அவள் போய் முனையைப் பிடித்தாள். அண்ணன் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு இருபத்திரண்டு வருடம் பார்க்கவில்லை.

அன்று விடுதிக்குத் திரும்பி, விசுவாசத்துக்காகப் பாடுபட்டவளைப்போலத் தோழிகளிடம் கதை சொன்னேன். அவர்கள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. இப்போது நினைத்தால் உடம்பே கூசுகிறது. கும்பிட மாட்டேன் என்றதற்காக நான் வருந்தவில்லை. இன்று கேட்டாலும் கும்பிட மாட்டேன். ஆனால் அவர் கும்பிடச் சொல்லவே இல்லையே.

அதன்பிறகு ராசிபுரத்தில் ஓர் அறை எடுத்தேன். இளம்பிள்ளையிலிருந்து கட்டுக்கட்டாகச் சேலைகள் வரும், அவற்றின் முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பது என் வேலை. சன்னல் கம்பியில் சேலையைக் கட்டி வைத்து நூலைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட வேண்டும். எத்தனையோ பெண்களின் கல்யாணச் சேலை என் கையைத் தாண்டித்தான் போயிருக்கிறது. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. சபையில் பார்த்தவர்களுக்கு என் சாதி ஒத்துவரவில்லை, சாதியில் பார்த்தவர்களுக்கு என் சபை ஒத்துவரவில்லை. கிறிஸ்துமஸுக்கு நான்கு வீட்டிலிருந்து கேக் வரும், டப்பாவில். வந்து உட்கார்ந்து சாப்பிடு என்று யாரும் கூப்பிடுவதில்லை. அவரவர் குடும்பத்தோடு இருக்கிற நாள், அவர்கள்மேல் குற்றமில்லை. ஆனாலும் டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போகும்போது மனசு என்னவோபோல் ஆகிவிடும்.

அப்பா போனபோதும் அம்மா போனபோதும் போனேன். பெண்கள் கூட்டத்தில் ஓரமாக நின்று அழுதுவிட்டு வந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. நாமக்கல் பேருந்தில் போகும்போதெல்லாம் கோழிப்பண்ணை வாடை வந்தால் எங்கள் ஊர் நிறுத்தம் வருகிறது என்று அர்த்தம். இரண்டு முறை இறங்கியும் இருக்கிறேன். நிறுத்தத்துக்கு எதிரே லாரி எடைபோடும் இடம். அங்கே நின்று நாலைந்து லாரி ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டேன்.

போன புரட்டாசியில் ஒரு முதல் ஞாயிறு. வழக்கம்போல எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்திருந்த போதகரின் மனைவி, சின்னப் பெண், வாசலில் நின்றிருந்தாள்.

"இன்னைக்கும் போறீங்களாக்கா?" என்றாள்.

குத்திக் காட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு அந்த 'இன்னைக்கும்' எங்கோ போய்த் தைத்தது. அறைக்குப் போகவில்லை. நேரே பேருந்து நிலையம் போய் நாமக்கல் வண்டியில் ஏறிவிட்டேன்.

அண்ணன் களத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வழுக்கை. அப்பாவே நிற்கிறாரோ என்று ஒரு நொடி பயந்துவிட்டேன். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கைதான் முதலில் பார்த்து, "வா அம்மிணி" என்று ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வந்தார். அதைக் குடிக்கக்கூடச் செய்யாமல், வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததை ஒப்பித்தேன்.

"அன்னைக்கு மண்டபத்துல நான் பேசினது தப்புங்கண்ணா. மன்னிச்சுக்குங்க."

அவர் வெட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டு முடிந்த பிறகு, "இப்ப எதுக்கு வந்த?" என்றார்.

நான் ஒரு பைத்தியம். திருவிருந்தைப் பற்றி, ஒப்புரவாகாமல் அதில் கை வைக்கக் கூடாது என்பதைப் பற்றி, ஒன்றுவிடாமல் சொன்னேன். பாதியில் அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

"அப்ப எனக்கோசரம் வருல. நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிப்போட்டா அங்க உன்னையப் பந்தியில உக்கார வெப்பாங்க. அதானே? சரி, மன்னிச்சுட்டேன். போ."

திரும்பி வந்த பேருந்தில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு இறங்கிப் போன என்னிடம் என்ன பேச்சு இது! மூன்று நாள் குஞ்சம் கட்டும்போதெல்லாம் அவரோடு மனசுக்குள் சண்டை போட்டேன். நாலாம் நாள் சண்டை ஓய்ந்தது. கேட்டது கிடைத்துவிட்டது, மன்னித்துவிட்டேன் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார், இனி நான் கூசாமல் திருவிருந்துக்கு உட்காரலாம். ஆனால் உட்கார முடியாது என்று தெரிந்தது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடமும் நான் கவலைப்பட்டது என் ஆத்துமாவைப் பற்றித்தான். மண்டபத்திலும் அதைத்தான் செய்தேன், களத்திலும் அதைத்தான் செய்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மறுபடி போனேன். இந்த முறை கேட்பதற்கு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. என்னைக் கண்டதும் அண்ணன் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். நங்கைக்கு முழங்கால் வீங்கியிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில். நான் பாத்திரம் விளக்கி, வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம் நான் புறப்படும்போது, அண்ணன் மாட்டைப் பார்த்துக்கொண்டு, "பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றார். மாட்டுக்கு எதற்கு பஸ் என்று என் வாய் துறுதுறுத்தது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். "ரெண்டு மணிக்குங்கண்ணா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

அன்றைக்கு நங்கை வாசல்வரை நொண்டிக்கொண்டு வந்தார். "இந்த வாரம் மக்காச்சோளத்தைக் காயப் போடோணும். ஆளே கெடைக்க மாட்டேங்குது. மழ வராம இருக்கோணும்" என்றார்.

அந்த வாரம் முழுக்க வெயில். ஞாயிற்றுக்கிழமை விடிந்து கதவைத் திறந்தால் தெற்கே வானம் கறுத்துக் கிடந்தது. களத்தில் கொட்டிக் கிடக்கும் சோளமும் நங்கையின் முழங்காலும்தான் ஞாபகத்துக்கு வந்தன. கைக்கு வந்த சேலையைச் சுற்றிக்கொண்டு பேருந்துக்கு ஓடினேன்.

எடைபோடும் இடத்தில் இறங்கும்போதே தூறல். நான் களத்துக்குள் நுழைந்தபோது அண்ணன் ஒற்றை ஆளாகத் தார்ப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் காற்று தூக்கியது. என்னைப் பார்த்தார்.

"அம்மிணி! அந்த மொனையப் புடி!"

ஓடிப் போய்ப் பிடித்தேன். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. சோளத்தின்மேல் இழுத்து மூடி, நான் என் பக்கத்தை மிதித்துக்கொண்டு நின்றேன், அவர் கல் தூக்கி வந்து சுற்றிலும் வைத்தார். கடைசிக் கல்லை வைப்பதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. மாட்டுக் கொட்டகைக்குள் ஓடி ஒதுங்கினோம். தகரத்தின்மேல் விழும் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் துண்டைப் பிழிந்து முகம் துடைத்தார்.

"நனஞ்சுட்டியா?" என்றார்.

"இல்லீங்கண்ணா" என்றேன், சேலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

மழையில் கிடந்த தார்ப்பாயைக் காட்டினார்.

"அன்னைக்கும் இதத்தான் கேட்டேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. அவர் துண்டை என்னிடம் நீட்டினார்.

"சரி சரி, தொட. மழ உட்டதும் ஊட்டுக்குள்ள போயி சோறு உங்கலாம்."

தட்டப்பயறுக் குழம்பு. மூன்று பேரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பேசியதெல்லாம் சோளத்து ஈரம், மழை, நங்கையின் மாத்திரை, அவ்வளவுதான். என் தட்டில் அண்ணன் இரண்டாம் முறை சோறு போட்டபோது போதும் என்று நான் சொல்லவில்லை.

இரண்டு மணி பேருந்தில் வழக்கம்போல் தனியாக ஏறினேன். பாதி வழியில் பைபிளும் பையுமாக ஒரு குடும்பம் ஏறியது. அந்தப் பெண் வெள்ளைச்சேலை கட்டியிருந்தாள். திருவிருந்து நாளில் எங்களவர்கள் வெள்ளைதான் கட்டுவார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அன்று முதல் ஞாயிறு என்பதே எனக்கு நினைவு வந்தது. என் விரல்களில் குழம்பு வாசம் இன்னும் போகவில்லை.