முதலாளி கேட்ட சாமைச் சோறு

அடிவாரத்தில் முதன்முதலாக ஜவ்வரிசி ஆலை போட்டவர் எங்கள் முதலாளி. ஜவ்வரிசிக்குக் கிழங்கு வேண்டி, கொல்லிமலைக்காரர்களை மரவள்ளி நட வைத்தவரும் அவர்தான். தொண்ணூறுகளின் கடைசியில் சாகக் கிடந்தபோது, அந்தக் காலத்தில் மலையில் சாப்பிட்ட சாமைச் சோறு வேண்டுமென்றார். "உங்க ஊர்ல ஒரு படி வாங்கியா கண்ணு" என்று என்னை அனுப்பினார்.

வீடு வீடாகக் கேட்டேன். எல்லார் காட்டிலும் மரவள்ளிதான். "சாமைய உட்டுட்டு இதப் போடச் சொன்னதே உங்க மொதலாளிதானே சாமி" என்றாள் பெரியம்மா. அவள் அடுப்பில் ரேஷன் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.

வெறுங்கையோடு மலையிறங்கினேன். அவருக்கு ஆலை ஜவ்வரிசியிலேயே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் போனதும் அஞ்சலிச் சுவரொட்டி அடித்தார்கள்: 'மலைக்கே சோறு போட்ட வள்ளல்.' எங்கள் ஊரில் ஒட்டிவிட்டு வரச்சொல்லி, பசை வாளியை என் கையில்தான் கொடுத்தார்கள்.