ஞ அட்டைக்குப் பின்னால் ஒரு தாள்

ஐயாதுரை அண்ணாச்சி என் கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்குச் சைக்கிள் ரிப்பேர் கடை. வாரத்துக்கு மூன்று தடவையாவது வருவார். ஸ்டூலை இழுத்துப் போட்டால் அதன்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சீக்கிரம்லே சந்தனம், சீக்கிரம்" என்று பெல்லை அடித்துக்கொண்டே இருப்பார். பட்டாளத்தில் பதினைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு வந்து, ஒரு நூல் மில்லில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தவர். பட்டாளம் அவருக்கு ஓய்வு கொடுத்ததே தவிர, அவர் யாருக்கும் ஓய்வு கொடுக்கவில்லை.

1986-இல் எங்கள் படிப்பகத்தில் ஒரு யோசனை கிளம்பியது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சுற்றியுள்ள கிராமங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு களஞ்சியம். கண்மாய், கோயில், சர்ச், மில், பள்ளிக்கூடம், மனிதர்கள் என்று எல்லாம் அகர வரிசையில். யார் வேண்டுமானாலும் எழுதலாம். தாளை நடுவில் மடித்து இடது பாதியில் எழுத வேண்டும். வலது பாதி தப்புக் கண்டுபிடிப்பவர்களுக்கு. தாளின் அடியில் 'யாரிடம் கேட்டீர்கள்?' என்று ஒரு வரி உண்டு, அதை நிரப்பியாக வேண்டும். ஃபைல் ஒரு மாதம் எங்கள் படிப்பகத்தில் இருக்கும், மறு மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் படிப்பகத்தில். தூக்கிக்கொண்டு போவதும் வருவதும் அண்ணாச்சியின் சைக்கிள் கேரியர். திருத்துகிறவரும் அவரேதான். வேறு யாரும் அந்த வேலைக்குப் போட்டியிடவில்லை.

ஃபைலின் உள்ளட்டையில் ஒரு விதியை அவரே எழுதி ஒட்டியிருந்தார். 'தன்னைப் பற்றியும், தன் வீட்டாரைப் பற்றியும், தன் தொழிலைப் பற்றியும் எவரும் எழுதக்கூடாது.'

எழுதக்கூடாது என்று ஒட்டிவிட்டால் நம்மாட்கள் கேட்டுவிடுவார்களா? பருத்தி ஜின்னிங் ஃபேக்டரி காசிராஜன் தன் கணக்குப்பிள்ளையை விட்டுத் தன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வைத்தார். அதில் 'வள்ளல்' மட்டும் ஆறு இடத்தில் இருந்தது. அண்ணாச்சி ஒவ்வொரு வள்ளலையும் சிவப்பு மையால் அடித்துப் பக்கத்தில் 'யார் சொன்னது?' என்று எழுதினார். கடைசியில் மிஞ்சியது: 'ஜின்னிங் ஃபேக்டரி நடத்துகிறார். தொழிலாளர் நாற்பது பேர்.' ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐந்து பால்கோவாக் கடைக்காரர்கள் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். ஐந்து கடையும் ஊரிலேயே முதல் கடை. அண்ணாச்சி ஐந்தையும் எடுத்துவிட்டு, 'பால்கோவாக் கடைகள் பல உள்ளன' என்று ஒரே வரி போட்டார்.

நானும் யோக்கியன் இல்லை. 'நம்பிக்கையான சைக்கிள் கடை' என்று என் கடைக்கு ஒரு தாள் எழுதி, என் மச்சான் பேரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அண்ணாச்சி அந்தத் தாளையே உருவிக் கையில் கொடுத்துவிட்டார். "ஒம் மச்சானுக்கு எழுதத் தெரியாதுலே" என்றார். நாலு பேர் முன்னால். அந்த எரிச்சல் எனக்கு வருஷக்கணக்கில் ஆறவில்லை.

இவ்வளவு கறாரான மனுஷனுக்கும் ஓர் ஆசை இருந்தது. அவர் மனைவி ஞானபாக்கியம் அக்கா தேவதானத்தில் அரசாங்கச் செவிலி. காலையில் பஸ் ஏறிப் போய், சாயங்காலம் புழுதியோடு திரும்புவார். அந்தப் பக்கம் நர்சம்மா என்றால் தெரியாதவர்கள் கிடையாது. அவருக்குக் களஞ்சியத்தில் ஒரு பக்கம் வர வேண்டும் என்பதுதான் அண்ணாச்சியின் ஆசை. ஆனால் புருஷன் எழுதக்கூடாது. விதி போட்டதே புருஷன்தான்.

ஃபைலில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அட்டை செருகியிருக்கும். ஞ அட்டைக்குப் பின்னால் ஒரு தாளும் கிடையாது. ஃபைல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பும்போதெல்லாம் என் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, முதலில் அந்த அட்டையைத்தான் விரித்துப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. டப்பென்று மூடிவிட்டு, பிரேக் சரியில்லை, செயின் தொங்குகிறது என்று என்மேல் பாய்வார்.

ஒருநாள் கேட்டார். "ஏலே, ஒம் மாமனார் ஊரு தேவதானந்தான? அங்க நர்சம்மாவப் பத்தி யாரும் எதுவும் சொல்லுதாவளா?"

"சொல்லுதாவ அண்ணாச்சி. நல்லவிதமாத்தான் சொல்லுதாவ."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

நான் எழுதுகிறேன் என்று சொல்வேன் என எதிர்பார்த்துச் செத்த நேரம் நின்றார். எனக்குப் புரிந்தது. புரிந்தும் ரிம்மைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். என் கடைத் தாளைத் தூக்கி வெளியே போட்டவருக்கு நான் எதற்கு எழுத வேண்டும் என்ற வீம்பு. அப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

1992-இல் களஞ்சியத்தை அச்சுக்குக் கொடுப்பது என்று முடிவானது. கடைசிக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாங்கள் எட்டுப் பேர். காகிதச் செலவில் பாதியைக் காசிராஜன் ஏற்றுக்கொண்டிருந்ததால் அவரும் வந்திருந்தார். ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஞ அட்டையில் நின்றார். அங்கே புதிதாக ஒரு தாள் இருந்தது. 'ஞானபாக்கியம், செவிலி, தேவதானம்.' எழுதியவர், கருத்தையா, வன்னியம்பட்டி.

காசிராஜன் சத்தமாக வாசித்தார். மொத்தம் பதினான்கு வரி. எந்த வருஷம் வேலையில் சேர்ந்தார், எத்தனை ஊருக்கு நடந்து போனார், எத்தனை பிரசவம் பார்த்தார் என்று வரிக்கு வரி ஆதாரம். 1984 ஐப்பசி மழையில் ஓடை பெருகி பஸ் நின்றுபோக, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போய் இரட்டைப் பிள்ளைப் பிரசவம் பார்த்தார். ஆதாரம்: பிரசவப் பதிவேடு, செவிலியின் கையொப்பம். தேடினாலும் ஒரு புகழ்ச்சி வார்த்தை இல்லை.

வாசித்து முடித்துவிட்டுக் காசிராஜன் தாளைத் திருப்பி வலது பாதியை எல்லோருக்கும் காட்டினார். ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. "எம் பக்கத்துல பதினேழு கோடு. மொத்த ஃபைல்லயும் கோடு இல்லாத பக்கம் ஒண்ணு காட்டுங்க. கோடே விழாம எழுதத் தெரிஞ்ச ஆளு இந்த ரெண்டு ஊர்லயும் ஒரே ஆளுதான். யாருய்யா இந்தக் கருத்தையா?"

அண்ணாச்சி ஜன்னலுக்கும் கதவுக்குமாக இரண்டு தடவை நடந்தார். பிறகு, "நாந்தான்" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. காசிராஜன் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, இதுக்குப்போயி. நர்சம்மா நல்லவகதான, இருக்கட்டும். எனக்கும் ஒரே ஒரு வள்ளல விட்டுக்குடுங்க. பேச்சு இந்த ரூமோட முடிஞ்சிரும்."

"நாளைக்குச் சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டிய மனுஷன் நாளைக்கு என்றது எனக்குத் திக்கென்றிருந்தது.

அன்று அவர் வீடுவரை நானும் கூடப் போனேன். சைக்கிளில் ஏறுவார், பத்தடியில் இறங்குவார், தள்ளுவார், மறுபடி ஏறுவார். "ஆறு வருசம்லே" என்றார். "இருவது ஊருக்கு அலைஞ்சவ. பால்கோவாக் கடைக்காரன் வரைக்கும் எழுதிட்டான். ஒரு பய அவள எழுதலயே." என்னைக் குறித்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

ஞானபாக்கியம் அக்கா அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி தாளை நீட்டினார். அக்கா கையைத் துடைத்துவிட்டு வாங்கி வாசித்தார். முதலில் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஓடை வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இத யாரு சொன்னா?"

"ரிஜிஸ்டர்ல ஒங் கையெழுத்து இருக்கே. அன்னைக்கு ஈரச்சேலையோட வந்தியே, நான் பாக்கலயா?"

"ஓடையில எறங்குனது நெசம். நான் போயிச் சேரதுக்குள்ள ரெண்டும் பொறந்தாச்சுங்க. பாத்தது கருத்தம்மா. களையெடுக்கப் போவாள்ல, அவதான். ரெண்டாவது புள்ளைக்கு மொதல்ல காலு வந்துருக்கு. அந்தப் பொம்பள ஒத்தையில நின்னு எடுத்துருக்கா. நான் போயி ஊசி போட்டேன், எடை பாத்தேன், எழுதுனேன். பொறந்த புள்ளைய ரிஜிஸ்டர்ல யாரு எழுதுதாவளோ அவிய கையெழுத்து அது. பிரசவம் பாத்தவ கையெழுத்து இல்ல."

அண்ணாச்சி தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை.

"ஊர்ல அம்புட்டுப் பேர்கிட்டயும் யார் சொன்னது, யார் சொன்னதுன்னு கேட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? கேட்டா நான் வேண்டாம்னு சொல்லிருவேன்னு கேக்கல. கருத்தம்மா இன்னும் அங்கதான் இருக்கா. நாளைக்கு இது அச்சாகி அவ மகன் வாசிச்சுக் காட்டுனா, நான் எந்த மூஞ்சியோட அந்த ஊருக்குப் போவேன்?"

பட்டாளத்துக் காகிதங்களிலேயே வளர்ந்தவர் அண்ணாச்சி. கையெழுத்து இருந்தால் அந்த ஆள்தான் செய்தார் என்று நம்புகிறவர். ஆனாலும் அடுத்தவர் தாளாக இருந்திருந்தால் அந்தக் கையெழுத்தையும் கேள்வி கேட்டிருப்பார். தன் வீட்டு ஆள் என்றதும் கண் மறைத்துவிட்டது. அந்த விதியை எதற்காக ஒட்டினாரோ, அது அவருக்கே அன்றுதான் விளங்கியிருக்க வேண்டும்.

தாளை வாங்கி நான்காகக் கிழித்தார். மறுநாள் காலையில் காசிராஜனிடம் போய், "பக்கத்த எடுத்துட்டேன். வள்ளல் கெடையாது" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் சைக்கிளை மிதித்துவிட்டார். காகிதச் செலவு நின்றுபோகும் என்று எல்லோரும் பயந்தோம். காசிராஜன் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு கொடுத்துவிட்டார். நாற்பது தொழிலாளர் என்பதை நாற்பத்திரண்டு என்று திருத்தச் சொன்னார். அண்ணாச்சி ஃபேக்டரிக்கே போய்த் தலையை எண்ணிவிட்டுத்தான் திருத்தினார்.

கருத்தம்மாளைப் பற்றி நான் எழுதினேன். இந்தத் தடவை அண்ணாச்சி கேட்கவில்லை, நானாகவே தேவதானம் போனேன். வயல் வரப்பில் வைத்துக் கருத்தம்மாளிடம் கேட்டேன், அந்த இரட்டைப் பிள்ளைகளின் தாயிடம் கேட்டேன், ஞானபாக்கியம் அக்காவிடமும் கேட்டேன். தாளை அண்ணாச்சி கையில் கொடுத்தபோது அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். ஓடை வரியில் பேனா நின்றது. அந்த இடத்தில் அக்கா பக்கம் கொஞ்சம் சாய்த்து எழுதியிருக்கலாமே என்று எனக்கே இருந்தது.

"இந்த வரிய வேணும்னா எடுத்துருவோம் அண்ணாச்சி. இல்லாட்டியும் வெவரம் புரியும்."

"யார் சொன்னது?"

"அக்காதான். போட்டே ஆகணும்னு அவியதான் சொன்னாவ."

பேனாவை மூடிவிட்டார்.

புத்தகம் 1993 தையில் வந்தது. ச முடிந்ததும் நேரே த வருகிறது, நடுவில் ஞ இல்லை. ஞானபாக்கியம் அக்காவின் பேர் மொத்தப் புத்தகத்திலும் ஒரே ஓர் இடத்தில், கருத்தம்மாள் பக்கத்தில் இருக்கிறது. 'செவிலி ஞானபாக்கியம் ஓடையைக் கடந்து வந்து சேர்வதற்குள் இரு குழந்தைகளும் நலமாகப் பிறந்துவிட்டன.'

புத்தகக் கட்டுகள் வந்து இறங்கிய அன்று அண்ணாச்சி முதல் பிரதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டு என் கடைக்கு வந்தார். அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ வாசிச்சா. சரியா இருக்குன்னா."

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோக இருபது பிரதிகள் கேரியரில் காத்திருந்தன. நான் வழக்கம்போல் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் காலைத் தூக்கி வைக்கவில்லை. உட்கார்ந்தார். புத்தகத்தை மடியில் விரித்து, ச முடிந்து த தொடங்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பற்றி நான் எழுதியிருக்கலாம். ஆறு வருஷம் இருந்தது.