இசக்கி அக்காவும் அவர் பேரில் ஒரு பனிமலையும்

இசக்கி அக்கா இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். சலாலாவில் இருக்கும் அவர் மகள் காலையில் மெசேஜ் அனுப்பினாள்... இன்னும் நம்ப முடியவில்லை.

மஸ்கட் ரூவியில் ஒரு கார்கோ ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட். இசக்கியம்மாள் என்ற பெயர் பிடிக்காமல் எல்லோரிடமும் "ஈஷா" என்று சொல்லிக்கொண்டவர்.

அவருக்குப் பிடிக்காத அந்த இசக்கி என்ற பெயரில் அண்டார்டிகாவில் ஒரு மலை இருக்கிறது. நிஜமாகவே!

அவர் கணவர் ராஜன் அண்ணன் ஜெனரேட்டர் மெக்கானிக். ஒரு கான்ட்ராக்டில் அங்கே ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். எதிரே, வெகுதூரத்தில், பெயரில்லாத ஒரு சிகரம். மூட்டமில்லாமல் அது கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஹெலிகாப்டர் கிளம்பும்.

மனைவி நினைப்பிலேயே இருந்த மனிதர், காலையில் ரேடியோவில் "இசக்கி தெரியுது" என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார். பைலட்டுகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. ஒருநாள் லஞ்ச் டைமில் அண்ணனின் போன், ஸ்பீக்கரில். பின்னால் யாரோ ஒருவன் இந்தியில் கத்துகிறான்: "ராஜன் பாய், ஆஜ் இசக்கி திக்கி க்யா?" இன்றைக்கு இசக்கி கண்ணில் பட்டதா என்று.

அக்கா சீறிவிட்டார். "யாரு அது? எம்பேர எதுக்கு அவன் ஏலம் போடுதான்?"

"ஏட்டி, அது மலைட்டி! நாந்தான் ஒம்பேர வச்சேன்."

"மலையா? அப்ப நான் அம்புட்டு குண்டாவா இருக்கேன்?"

ஆபீஸே சிரித்தது...

பிறகு மேப் போட வந்த குழு, அந்தச் சிகரத்துக்கு ஒரு விஞ்ஞானியின் பெயரை வைக்கப் பார்த்தது. பைலட்டுகள் விடவில்லை. பழகின பெயரை மாற்றினால் ரேடியோவில் குழப்பம் வரும் என்று ஒரே பிடியாக நின்றார்கள். இசக்கியே ஜெயித்தது!

அச்சான மேப் வாட்ஸ்அப்பில் வந்த அன்று... அடடா!

"எல்லாரும் வேலைய நிறுத்துங்க. கலாஸ், இன்னைக்கு இம்புட்டுதான்!" ஆபீஸ் முழுக்கக் கரக் டீ, ஒமானி அல்வா. மாலையில் டாக்ஸியில் ஏறியதும் டிரைவரிடம் போனை நீட்டினார். "பாய், யே மேரா பஹாட் ஹை!" இது என் மலை என்று தனக்குத் தெரிந்த இந்தியில்.

அந்த ஒமானிப் பெரியவர் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடி போட்டுப் பார்த்து, "மாஷா அல்லா!" என்றார்.

மறுநாள் ஈஷா காணாமல் போனார். மேஜையில் புது நேம் போர்டு: இசக்கியம்மாள்.

ரூவி வெயிலில் ஒரு பனி ஜாக்கெட் வாங்கி வந்து, ஏசியைக் கூட்டி வைத்து எங்களுக்குப் போட்டுக் காட்டினார். "ஒருநா நேர்ல போயிப் பாத்துட்டு வருவேன், பாரு."

போகவே இல்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "வீட்டுக்கு வாரவங்க எல்லாருக்கும் அந்த மேப்பத்தான் காட்டிட்டு இருக்கேன்டே" என்றார்.

போய்வாங்க அக்கா... ரொம்பத் தேடுது.