ஏரிக்காரர் கட்டிய படகு

ஏரிக்காரருக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். குழப்பம் வந்தால் தலையைச் சொறிவார். மாமனார் கண்ணை மூடியதிலிருந்து மனுஷன் தலையைச் சொறியாத நாளே இல்லை.

பிறந்தது வளர்ந்ததெல்லாம் ஒரு பெரிய ஏரிக்கரையில். அங்கே வலை வீசி வளர்ந்தவர், கல்யாணம் கட்டிக்கொண்டு கடலோரத்துக்கு வந்து சேர்ந்தார். வந்த அன்றே யாரோ ‘ஏரிக்காரர்’ என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. மாமனார் இருந்தவரை அவருக்குக் கவலையே இல்லை. கடலுக்குப் போவார், வலையை இழுப்பார், கரைக்கு வந்ததும் மீனை அள்ளி ஐஸ்காரரிடம் போட்டுவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவார். படகைத் துறையில் கட்டும் வேலையை மட்டும் மாமனார் யாரிடமும் விட்டதில்லை. இவரும் அதை நின்று பார்த்ததில்லை. கயிறு கட்டுவதில் பார்க்க என்ன இருக்கிறது?

மாமனார் தன் கையாலேயே செய்த மரப் படகுகள் இரண்டு. பழையது மகனுக்கு, புதியது மகளுக்கு என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஊரே வாயைப் பிளந்தது. மகன், அதாவது ஏரிக்காரரின் மச்சான், “எனக்குப் பழசு போதும், நான் மட்டும் என்ன புதுசா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று ஏரிக்காரருக்கு இன்றுவரை விளங்கவில்லை. மச்சான் எதற்கும் சிரிப்பவர். சாவு வீட்டில்கூட வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்.

புதுப் படகு கைக்கு வந்ததும் ஏரிக்காரருக்குப் பொறுப்பு தலைக்கேறிவிட்டது. குடும்பத்துக்குச் சோறு போடுவது அந்தப் படகுதான். பக்கப் பலகை ஒன்று போனால் செய்தவரைத் தேடிப் போகவும் முடியாது, அவர்தான் போய்விட்டாரே. துறைமேடையோ வெறும் சிமெண்டுச் சுவர். சின்ன அலை வந்தாலும் படகு அதில் போய் முட்டும். ஆகவே பழைய டயர்களை வாங்கி வந்து வரிசையாகத் தொங்கவிட்டார். சாக்கை மடித்துச் செருகினார். பிறகு முன்பக்கம் ஒரு கயிறு, பின்பக்கம் ஒரு கயிறு, மேடையின் இரும்பு வளையத்தில் இம்மியும் அசையாதபடி இழுத்து முடிச்சுப் போட்டார். ஏரியில் அப்படித்தான். அங்கே தண்ணீர் விட்ட இடத்திலேயே இருக்கும்.

காலையில் கடலிலிருந்து திரும்பியதும் கட்டுவார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார். சாயங்காலம் வந்து பார்த்தால் கயிறு தொளதொளவென்று கிடக்கும். படகு இஷ்டத்துக்கு ஆடி, டயருக்கும் டயருக்கும் நடுவில் சுவரில் உரசி, பெயிண்ட் உரிந்திருக்கும். முடிச்சு அவர் போட்ட முடிச்சு இல்லை. யாரோ அவிழ்த்துத் தளர்த்திக் கட்டியிருக்கிறார்கள்.

சரி, எவனோ வம்புக்காரன் என்று வைத்துக்கொண்டால், தினமும் செய்யவேண்டாமா? சில நாள் அவிழ்ந்திருக்கும். சில நாள் அவர் கட்டியது கட்டியபடி இருக்கும். ஒரு வாரம் யாரும் தொடமாட்டார்கள். அவர் நிம்மதியாகும் நேரம் பார்த்து மறுபடி ஆரம்பிக்கும். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. துறையில் வலை பின்னுகிறவர் ஒருவர், பக்கத்துப் படகின் அலை தட்டித் தளர்ந்திருக்கும் என்றார். அலை முடிச்சுப் போடுமா என்று இவர் கேட்டதும் அவர் வலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐஸ்காரர், படகைத் திருப்பிக் கட்டிப் பார் என்றார். திருப்பிக் கட்டினார். இப்போது இரண்டு பக்கமும் உரிந்ததுதான் மிச்சம்.

கயிற்றை இவ்வளவு இறுக்காதே என்று வேறு யாரும் சொல்லவில்லையா என்றால், அதை ஏன் சொல்லப்போகிறார்கள்? சோற்றை மென்று விழுங்கு என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா? கடலோரத்தில் பிறந்தவனுக்கு அது தானாகத் தெரியும்.

மச்சான் மட்டும் எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தார். ஏரிக்காரர் காலை ஊன்றிக் கயிற்றை இழுக்கும்போதெல்லாம், “என்ன மாப்ள, படகைக் கட்டுறியா, மாட்டைக் கட்டுறியா?” என்பார். “பாவம், மத்தியானம் அது குனிஞ்சு நிமிர வேணாமா? கொஞ்சம் விட்டுக் கட்டு” என்பார். துறையில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். ஏரிக்காரரும் சிரித்துவிட்டு இன்னும் ஒரு முடிச்சுப் போடுவார்.

ஒருநாள் மதியம் தூக்கம் பிடிக்காமல் சீக்கிரமே துறைக்கு வந்தவர், மச்சான் இவருடைய படகின் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்வதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். கூப்பிட்டு என்ன கேட்பது? அந்த வீட்டிலேயே பெண் எடுத்தவன், மச்சான் சட்டையைப் பிடிக்கமுடியுமா? அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்து, மனைவியிடம் பொரிந்து தள்ளினார். புதுப் படகு தனக்கு வரவில்லையே என்ற வயிற்றெரிச்சல்தான், சிரித்துச் சிரித்தே கழுத்தறுக்கிறான் உன் அண்ணன் என்றார்.

அவள் அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு, “எங்கண்ணன் அப்படிச் செய்யாதுங்க” என்றாள். சொன்னாளே தவிர, அவள் குரலிலும் உறுதி இல்லை. அப்பா புதுப் படகைத் தனக்குக் கொடுத்தது அவளுக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அன்றிலிருந்து அவள் அண்ணன் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஏரிக்காரரும் மச்சானைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொண்டாலும் மனசு ஒப்பவில்லை. கெடுக்க நினைக்கிறவன் ஏன் மறுபடி ஒழுங்காக முடிச்சுப் போட்டுவிட்டுப் போகிறான்? ஒரேயடியாக அவிழ்த்து விட்டிருக்கலாமே?

யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் கடைக்குப் போய் இரும்புச் சங்கிலியும் பூட்டும் வாங்கிவந்தார். மறுநாள் காலை தண்ணீர் மேடையின் விளிம்புவரை ததும்பி நின்றது. அமாவாசையை ஒட்டிய நாள். படகு கைக்கெட்டும் உயரத்தில் வாகாக நிற்க, முன்னும் பின்னும் சங்கிலியை ஒரு கண்ணிகூட மிச்சமில்லாமல் இழுத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இனி எவன் அவிழ்க்கிறான் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போய், பல நாளைக்குப் பிறகு அடித்துப் போட்டாற்போல் தூங்கினார்.

எழுப்பியது ஐஸ்காரர். மூச்சு வாங்கக் கதவைத் தட்டினார். “படகு தொங்குதுய்யா. சாவியை எடுத்துட்டு ஓடியா.”

படகு எப்படித் தொங்கும் என்று கேட்டுக்கொண்டே ஓடினார். துறைக்கு வந்ததும் அவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லை. காலையில் காலடியில் கிடந்த தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே போயிருந்தது. கடல் வற்றும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. மணலில் பார்த்திருக்கிறார். ஆனால் அதையும் தன் கயிற்றையும் அவர் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை. பூட்டிய பக்கம் மேலே இழுபட, மறுபக்கம் கவிழ்ந்து, புதுப் படகு சங்கிலியில் ஒருக்களித்துத் தொங்கியது. அது பிய்ந்து விழாமலும் கவிழ்ந்து மூழ்காமலும் இருந்ததற்கு ஒரே காரணம், அதற்கடியில் இன்னொரு படகு முட்டுக்கொடுத்து நின்றது. மச்சானின் பழைய படகு.

அதன் பக்கப் பலகை பாரம் தாங்காமல் உள்வாங்கிப் பிளந்திருந்தது. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, மச்சான் இடுப்பளவு நீரில் நின்று தோளைக் கொடுத்து இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தார். சிரிக்கவில்லை. “திற மாப்ள” என்றார்.

நாலு பேர் நெம்பிப் பிடிக்க, ஏரிக்காரர் இரண்டு பூட்டையும் திறந்தார். புதுப் படகு சறுக்கித் தண்ணீரில் இறங்கி ஆடி நின்றது. புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. பழைய படகு பிளந்த பக்கமாகச் சாய்ந்தது. அவசரமாகக் கயிறு போட்டு அதை மேடையோடு தாங்கிப் பிடித்தார்கள்.

“தண்ணி எறங்குற மத்தியானமெல்லாம் வந்து தளர்த்தி விட்டுட்டுப் போவேன்” என்றார் மச்சான், தோளைத் தடவிக்கொண்டே. “இன்னைக்கு வந்தா பூட்டு தொங்குது. அதான் என் படகை அடியில விட்டேன்.”

“ஏன் மச்சான் எங்கிட்ட சொல்லல?”

“தினம் சொன்னேன் மாப்ள. நீ சிரிச்ச.”

ஏரிக்காரருக்கு வெட்கம் உடம்பெல்லாம் சுட்டது. தன் படகை ஏறிட்டுப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஏன் இப்படிச் செய்தார் இந்த மனுஷன்? எனக்காகவா, தங்கைக்காகவா, அப்பா செய்த படகு என்பதற்காகவா? அப்படியானால் அந்தப் பழைய படகும் அப்பா செய்ததுதானே? கேட்க நினைத்தார். கேட்கும் யோக்கியதை தனக்கில்லை என்று தோன்றியது.

அதற்குள் செய்தி கேட்டு மனைவி ஓடிவந்தாள். முழுசாக மிதக்கும் தங்கள் படகைப் பார்த்தாள். பிளந்து கிடக்கும் அண்ணன் படகைப் பார்த்தாள். ஈரத்தோடு நிற்கும் அண்ணனைப் பார்த்தவள், என்ன நடந்தது என்று புரியாமல் கணவர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

“அவிழ்த்தது யாருன்னு தெரிஞ்சுதாங்க? எங்கண்ணன் இல்லதானே?”

ஏரிக்காரர் தலையைச் சொறியவில்லை. “உங்கண்ணன்தான்” என்றார். அவள் முகம் வெளுத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, மச்சான் பக்கத்தில் போய் நின்று, பிளந்த பலகைக்குத் தன் தோளைக் கொடுத்தார்.